விளையாட்டுச் சங்கச் செயலாளருக்கு என்ன மரியாதை கிடைக்கும்?

கேள்வி இது: "எங்கள் அம்மான் தேவகோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் 33 ஆண்டு பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதில் 26 ஆண்டு வாலிபால் சங்கத்துக்குக் கௌரவச் செயலாளர். வருகிற ஆவணியில் 70 பிறக்கிறது, பீமரத சாந்தி வைத்திருக்கிறோம். அதற்குள் அவருக்கு ஒரு விருது வாங்கிவிட வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை. விளையாட்டுக்கும் கல்விக்கும் உழைத்த நிர்வாகிக்கு என்னென்ன விருதுகள் இருக்கின்றன? ஓர் அமைப்பு டாக்டர் பட்டம் தருவதாகச் சொல்லி 45,000 ரூபாய் கேட்கிறது. கொடுக்கலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்காதீர்கள். அந்தக் காசில் சாந்திக்கு வருகிறவர்களுக்கு இன்னொரு பலகாரம் போடலாம். பட்டம் தரும் உரிமை எல்லோருக்கும் கிடையாது. மத்திய அரசோ மாநில அரசோ சட்டம் போட்டு உருவாக்கிய பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், இல்லையென்றால் பட்டம் தர நாடாளுமன்றமே சட்டம் போட்டு அதிகாரம் கொடுத்த நிறுவனம், இவற்றுக்கு மட்டும்தான் உண்டு. 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தில் 22-ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. அமைப்பின் பெயரில் சர்வதேசம், உலகம், மனித உரிமை என்று எத்தனை சேர்த்தாலும் அது பல்கலைக்கழகம் ஆகிவிடாது. 2023 பிப்ரவரியில் சென்னையில் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். அண்ணா பல்கலைக்கழகத்தின் அரங்கத்திலேயே மேடை போட்டு, பெயர் பெற்ற கலைஞர்களைக் கூப்பிட்டு டாக்டர் பட்டம் கொடுத்தார்கள். பட்டத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று நாலு நாளில் தெரிந்து விஷயம் போலீஸுக்குப் போனது. வாங்கியவர்களுக்குத்தான் சங்கடம். 33 ஆண்டு நேர்மையாக விசில் ஊதிய மனிதருக்கு 70 வயதில் அந்தச் சங்கடம் எதற்கு? உண்மையான பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் தரும்போது ஒரு ரூபாய் கேட்காது. உங்களைத் தேடி போன் போட்டு "ஸ்லாட் இரண்டுதான் பாக்கி" என்றும் சொல்லாது.

சரி, மற்றதற்கு வருவோம். நானும் இந்தப் பக்கத்துக்காரன்தான். கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவன். மற்றவர்களுக்காக ஐந்தாறு விருது விண்ணப்பங்கள் எழுதியிருக்கிறேன், அதில் தோற்றதுதான் அதிகம். அதனால் எங்கே தோற்போம் என்று கொஞ்சம் சொல்ல முடியும்.

நம் நாட்டின் தேசிய விளையாட்டு விருதுகளில் நிர்வாகி என்று ஒரு கட்டமே கிடையாது. இதைப் பலரும் கவனித்ததில்லை. அர்ஜுனா விருது 1961-ல் தொடங்கியது, ஆடுகிறவர்களுக்கு. முதல் ஆண்டிலேயே செஸ்ஸுக்கு மானுவல் ஆரோன், டென்னிஸுக்கு ராமநாதன் கிருஷ்ணன், உங்கள் அம்மானின் வாலிபாலுக்கு ஏ. பழனிசாமி என்று நம்மவர்கள் வாங்கியிருக்கிறார்கள். 1985-ல் வந்த துரோணாச்சார்யா பயிற்சியாளர்களுக்கு. 1991-92-ல் வந்த கேல் ரத்னாவும் ஆட்டக்காரர்களுக்குத்தான். 2002-ல் வந்த தியான்சந்த் வாழ்நாள் விருது, ஆடி ஓய்ந்த பிறகும் விளையாட்டுக்கு உழைத்தவர்களுக்கு இருந்தது; 2024-ல் அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அர்ஜுனா வாழ்நாள் விருதை வைத்துவிட்டார்கள். 2009-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய கேல் புரோத்சாகன் பெரும்பாலும் கம்பெனிகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் வாரியங்களுக்கும் போவது. மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை 1956-57 முதல் இருக்கிறது, விளையாட்டில் முன்னால் நிற்கும் பல்கலைக்கழகத்துக்குப் போகும். விளையாட்டும் கல்வியும் சேருகிற இடம் அதுதான். ஆனால் அதுவும் நிறுவனத்துக்கு. இந்த வரிசையில் டிரா போட்டவர், கோடு போட்டவர், ரெஃபரிக்கு டிபன் வாங்கிக் கொடுத்தவர், டீமை ரயிலில் ஏற்றிவிட்டவர் யாரும் வரமாட்டார்கள்.

இதில் வேடிக்கை, அவர் பதவியின் பெயரே கௌரவச் செயலாளர். சம்பளம் இல்லை என்பதற்கு நாம் வைத்திருக்கும் மரியாதையான பெயர் அது. நெட் கிழிந்தால் சொந்தக் காசு, பஸ் சார்ஜும் சொந்தக் காசு. கௌரவம் என்பது லெட்டர் பேடில் மட்டும்.

அப்படியென்றால் வழியே இல்லையா? இருக்கிறது, ஆனால் பக்கத்து வாசல் வழியாக. பத்ம விருதுகளுக்கான வழிகாட்டுதலில் எந்தெந்தத் துறைக்குத் தரலாம் என்று ஒரு பட்டியல் இருக்கும். விளையாட்டு என்ற தலைப்பின் கீழ் ஆட்டம், தடகளம், மலையேற்றம் இவற்றோடு 'விளையாட்டை வளர்த்தல்' என்றும் இரண்டு சொல் சேர்த்திருக்கிறார்கள். இலக்கியமும் கல்வியும் என்ற தலைப்பில் கற்பித்தல், கல்வியைப் பரப்புதல் இரண்டும் உண்டு. நிர்வாகிக்குத் திறந்திருக்கும் வாசல் இந்தச் சொற்கள்தான்.

அப்படி வாங்கியவர் இருக்கிறாரா என்று கேட்பீர்கள். எனக்கு மிகப் பிடித்த உதாரணம் பீகாரின் மொய்னுல் ஹக். பாட்னாவில் பீகார் நேஷனல் காலேஜின் பிரின்சிபால். இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் பொதுச் செயலாளராகவும் இருந்தவர். 1948 லண்டன் ஒலிம்பிக்ஸுக்கு நம் அணியின் தலைமைப் பொறுப்பாளராகப் போனவர். சுதந்திர இந்தியா முதன்முதலாகக் கொடி பிடித்துப் போன ஒலிம்பிக்ஸ் அது, ஹாக்கியில் தங்கம் வாங்கி வந்தோம். அவருக்கு 1970-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாட்னா ராஜேந்திர நகரில் இருக்கும் மைதானத்துக்கும் அவர் பெயரையே வைத்தார்கள். ஒரு காலேஜ் வாத்தியாருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

இன்னொரு பக்கமும் உண்டு. ஆந்திரப் பக்கத்து விஜயநகரம் மகாராஜகுமார், கிரிக்கெட்காரர்கள் செல்லமாக விஸ்ஸி என்பார்கள். 1936-ல் இங்கிலாந்துக்குக் கேப்டனாகப் போய், லாலா அமர்நாத்தைப் பாதியில் வீட்டுக்கு அனுப்பி, மூன்று டெஸ்டில் இரண்டைத் தோற்றுவிட்டு வந்தார். அந்தப் பயணத்தின்போதே அவருக்குச் சர் பட்டமும் கிடைத்தது. அப்புறம் 1950-களில் கிரிக்கெட் வாரியத் தலைவர், 1958-ல் பத்மபூஷண். பல்கலைக்கழக மாணவர்களின் மண்டல கிரிக்கெட்டுக்கு அவர் பெயரில் கோப்பையும் வைத்தார்கள். விருது யாருக்கெல்லாம் போகும் என்று புரிந்துகொள்ள இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒருவர் வேலை செய்து வாங்கினார். இன்னொருவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

நம் செட்டிநாட்டுக்கு வருவோம். விளையாட்டு, கல்வி இரண்டையும் ஒரே வீட்டில் பார்க்க வேண்டும் என்றால் கானாடுகாத்தான் அரண்மனைக்குத்தான் போக வேண்டும். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920-ல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். 20 லட்சம் ரூபாய் கொடுத்து 1929-ல் அதைப் பல்கலைக்கழகமாக ஆக்கினார். அந்தக் காலத்து 20 லட்சம். சர் பட்டம் 1923-ல், ராஜா பட்டம் 1929-ல். மூத்த மகன் முத்தையா செட்டியார் சென்னையின் முதல் மேயர், 1973-ல் பத்மபூஷண். இளைய மகன் எம்.ஏ. சிதம்பரம். 1918-ல் பிறந்தவர், அவரும் 1955-ல் மேயராக இருந்தார், ஸ்பிக் உரக் கம்பெனியைத் தொடங்கினார். 1960 முதல் 63 வரை கிரிக்கெட் வாரியத் தலைவர். இங்கிலாந்தை முதன்முதலாக ஒரு தொடரில் நாம் வென்றது அவர் தலைவராக இருந்தபோது. 1961-62-ல், நாரி கான்ட்ராக்டர் கேப்டன், 2-0. அதில் இரண்டாவது வெற்றி சென்னையில், கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில். தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்துக்கோ முப்பது ஆண்டுக்கு மேல் அவர்தான் தலைவர்.

முத்தையா செட்டியாரின் மகன் எம்.ஏ.எம். ராமசாமி. ஊருக்கெல்லாம் அவர் குதிரைப் பந்தயக்காரர், ஆனால் இந்திய ஹாக்கி சம்மேளனத் தலைவராகவும் இருந்தார். 1975 மார்ச் 15-ல் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2-1 என்று வென்று உலகக் கோப்பை வாங்கினோமே, அப்போது சம்மேளனத்தின் நாற்காலியில் இருந்தவர் அவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இணைவேந்தராகவும் பல ஆண்டு இருந்தார். சித்தப்பா கையில் கிரிக்கெட், அண்ணன் மகன் கையில் ஹாக்கி. பிறகு சிதம்பரத்தின் மகன் ஏ.சி. முத்தையா 1999 முதல் 2001 வரை கிரிக்கெட் வாரியத் தலைவர். ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரியைத் தொடங்கியவரும் அவரே.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்த வீட்டில் விருதுகள் வரிசையாக இருந்தும் இன்று பத்து வயதுப் பையனுக்கு யார் பெயர் தெரியும்? எம்.ஏ. சிதம்பரம். ஏன்? சேப்பாக்கம் மைதானத்தின் பெயர் அது. மேட்ச் நடக்கும் ஒவ்வொரு நாளும் டி.வி.யில் சொல்கிறார்கள். வயதுப் பிரிவுகளில் நன்றாக ஆடிய பிள்ளைகளுக்கு வாரியம் தரும் பரிசும் அவர் பெயரில்தான். சர் பட்டம், ராஜா பட்டம் எல்லாம் எழுத்தில் நின்றுவிட்டன. மைதானம்தான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. நிர்வாகிக்குக் கிடைக்கக்கூடிய பெரிய மரியாதை எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

கோட்டையூர் அழகப்ப செட்டியாரையும் விட்டுவிட முடியாது. அவர் விளையாட்டு நிர்வாகி இல்லை. ஆனால் காரைக்குடியில் ஆராய்ச்சி நிலையம் வர 300 ஏக்கரும் 15 லட்சமும் எடுத்துக் கொடுத்தவர். 1956-ல் பத்மபூஷண் வாங்கி, அடுத்த ஆண்டே போய்ச் சேர்ந்தார், 48 கூட நிறையவில்லை. அவர் போட்ட கல்வி வளாகத்தில் உடற்கல்விக்கும் ஒரு கல்லூரி இருக்கிறது. இந்தச் சுற்று வட்டாரத்துப் பி.டி. மாஸ்டர்களில் எத்தனையோ பேர் அங்கே படித்துத்தான் விசிலைக் கழுத்தில் போட்டார்கள். உங்கள் அம்மானும் அங்கே படித்தவரா என்று கேட்டுப் பாருங்கள், அநேகமாக ஆமாம் என்பார்.

ஒரு எச்சரிக்கை. எங்கள் காலத்தில் "26 ஆண்டு தொடர்ந்து செயலாளர்" என்பது பெருமை. இப்போது அதைப் படிக்கிறவர் புருவத்தை உயர்த்துவார். 2011-ன் தேசிய விளையாட்டு நெறிமுறை, கிரிக்கெட்டில் 2016-ல் உச்ச நீதிமன்றம் ஏற்ற லோதா குழுப் பரிந்துரை, இப்போது 2025-ல் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் என்று எல்லாமே பதவிக் காலத்துக்கும் வயதுக்கும் அளவு வைக்கின்றன. சிதம்பரம் போல முப்பது ஆண்டு தலைவராக இருப்பதெல்லாம் இனி நடக்காது. நல்லதுதான், நாற்காலியை விடாதவர்கள் கெடுத்த சங்கங்கள் எத்தனை என்று எனக்குத் தெரியும். அதனால் விண்ணப்பத்தில் ஆண்டுக் கணக்கை முதல் வரியில் போடாதீர்கள். அந்த ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதைப் போடுங்கள்.

பத்ம விருதுக்கு யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் முன்மொழியலாம், தனக்குத் தானே கூடச் செய்யலாம். ராஷ்ட்ரிய புரஸ்கார் என்ற மத்திய அரசின் இணையதளத்தில்தான் செய்ய வேண்டும், தபாலில் இல்லை. கோடையையொட்டித் திறந்து ஜூலை முதல் செப்டம்பருக்குள் மூடிவிடுவார்கள், அறிவிப்பு குடியரசு தினத்தன்று. அதனால் ஆவணி சாந்திக்குள் என்ற கணக்கு இங்கே ஒத்து வராது, அதை இப்போதே மறந்துவிடுங்கள். சேவைக் குறிப்பு 800 சொல்லுக்குள் இருக்க வேண்டும். பணியில் இருக்கும் அரசு ஊழியர்களுக்குக் கிடையாது (மருத்துவர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் மட்டும் விலக்கு), உங்கள் அம்மான் ஓய்வு பெற்றுவிட்டதால் அந்தத் தடை இல்லை. ஓர் ஆண்டில் அதிகபட்சம் 120 பேர், நாடு முழுவதற்கும் சேர்த்து (மறைந்தவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் கணக்கு தனி). பணம் கிடையாது. கிடைத்தாலும் பெயருக்கு முன்னால் பத்மஸ்ரீ என்று போடக்கூடாது, 1995 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகைகளில் போடுவார்கள், அது வேறு விஷயம்.

120 பேரில் ஒரு மாவட்ட வாலிபால் செயலாளர் வருவாரா? வாய்ப்பு மிகக் குறைவு என்றுதான் சொல்வேன். முன்மொழிவதில் நஷ்டம் இல்லை. அதை நம்பிப் பந்தல் போடாதீர்கள், அவ்வளவுதான்.

மாநில அளவில் முதலமைச்சர் விளையாட்டு விருது இருக்கிறது. ஆட்டக்காரர், பயிற்சியாளர் தவிர, உடற்கல்வி இயக்குநர், உடற்கல்வி ஆசிரியர் என்று ஒரு பிரிவும், போட்டி நடத்துகிறவர், நிர்வாகி, நன்கொடையாளர், நடுவர் ஆகியோருக்கு இடமும் அதில் உண்டு. உங்களுக்குப் பொருத்தமான கதவு இதுதான். சிவகங்கையில் மாவட்ட விளையாட்டு அலுவலரைப் போய்ப் பாருங்கள், அறிவிப்பு எப்போது வரும், இந்த முறை எந்தெந்த ஆண்டுகளின் பணியைக் கணக்கில் எடுக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். செப்டம்பர் 5-ல் தரும் நல்லாசிரியர் விருது, அதாவது டாக்டர் ராதாகிருஷ்ணன் விருது, பி.டி. மாஸ்டர்களுக்கும் கிடைக்கக்கூடியதுதான். ஆனால் பணியில் இருக்கும்போதே வாங்கியிருக்க வேண்டும். அந்த பஸ் போய்விட்டது.

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 1975 முதல் தரும் ஒலிம்பிக் ஆர்டர் என்றும் ஒன்று உண்டு, 2024-ல் அபினவ் பிந்த்ரா வாங்கினார். அது நம் வீதி வழியாக வராது.

இனி நான் தோற்ற கதை. பல ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு சங்கச் செயலாளருக்காக விண்ணப்பம் தயார் செய்தோம். நல்ல மனிதர், நிறையச் செய்தவர். அவர் வீட்டிலிருந்து வந்த காகிதக் கட்டுக்குள் என்ன இருந்தது தெரியுமா? பொன்னாடை போட்ட போட்டோ 60, பாராட்டு மடல் ஒரு டஜன், அமைச்சர்களோடு நிற்கும் ஆல்பம். "அயராது உழைத்தார், தன்னலம் கருதாது தொண்டாற்றினார்" என்று நானும் எழுதினேன், வெட்கத்தோடு சொல்கிறேன். போன வேகத்தில் திரும்பி வந்தது. அலுவலகத்தில் இருந்த ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, "சார், இவருக்கு யார் யார் பொன்னாடை போட்டார்கள் என்று தெரிகிறது. இவர் என்ன செய்தார் என்று ஒரு பேப்பரும் இல்லையே" என்றார். அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். அவர் செய்ததெல்லாம் சங்கத்தின் பழைய மினிட்ஸ் நோட்டில் இருந்தது. அந்த நோட்டு வீடு வெள்ளையடித்தபோது எடைக்குப் போய்விட்டது.

ஆகவே உங்கள் வேலை ஆல்பத்தில் இல்லை. கீழ்க்கண்டவற்றைத் தேடுங்கள் என்று பட்டியல் போடப் பிடிக்கவில்லை, ஒன்றை மட்டும் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்து கிளை விடும். அவர் டீமில் ஆடிய பிள்ளைகளின் பெயர்கள். முதன்முதலாக அவர் பெண்கள் டீம் எடுத்த ஆண்டு எது, அந்தப் பன்னிரண்டு பேர் யார், இன்றைக்கு எங்கே இருக்கிறார்கள். போலீஸில் ஒருவர் இருப்பார், ரயில்வேயில் ஒருவர், அடுத்த ஊரில் பி.டி. டீச்சராக இருவர். ஒவ்வொருவரிடமும் அரைப்பக்கக் கடிதம் வாங்குங்கள். "சார் இல்லையென்றால் நான் எட்டாம் வகுப்போடு நின்றிருப்பேன்" என்று ஒரு பெண் தன் கையெழுத்தில் எழுதித் தந்தால், அது எந்த அமைச்சரின் பாராட்டு மடலையும் விட எடை அதிகம். விளையாட்டும் கல்வியும் என்று கேட்டீர்களே, இரண்டையும் சேர்த்துச் சொல்லும் பேப்பர் அதுதான்.

இன்னொன்று. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது, காலேஜ் சீட்டிலும் உண்டு. இவை இருப்பதால் சங்கச் செயலாளரின் கையெழுத்துக்கு ஒரு விலை வந்துவிட்டது. ஆடாத பிள்ளைக்கு ஆடியதாகச் சான்றிதழ் கேட்டு ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டுவார்கள். சொந்தக்காரர், ஊர்ப் பெரியவர், கட்சிக்காரர் எல்லாரும் வருவார்கள். என் வீட்டுத் திண்ணையிலும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். 26 ஆண்டில் உங்கள் அம்மான் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பார், அதனால் எத்தனை வீட்டு விசேஷத்துக்கு அழைப்பு வராமல் போயிருக்கும்! அதற்கு எந்த அரசும் விருது வைக்கவில்லை. விண்ணப்பத்திலும் எழுத முடியாது. ஆனால் சாந்தி அன்று யாராவது மேடையில் பேசினால் அதைப் பேசச் சொல்லுங்கள்.

அப்புறம், டில்லியும் சென்னையும் தராவிட்டால் நாமே செய்யக்கூடியது என்ன? இந்த மண்ணில் மரியாதைக்கென்று ஒரு முறை ஏற்கெனவே இருக்கிறது. சிராவயல் மஞ்சுவிரட்டில் பார்த்திருப்பீர்கள், ஊர்க்காரர்கள் ஜவுளி எடுத்துத் தொழுவுக்கு வந்து, காளைக்கு வேட்டி துண்டு கட்டி மரியாதை செய்த பிறகுதான் அவிழ்த்து விடுவார்கள். கோயிலில் மாலை, பரிவட்டம், காளாஞ்சி. பள்ளிக்கூடச் சுவரில் உபயக் கல். டியூப் லைட்டில் கூட வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்குப் பெயர் எழுதுவோம், அதைக் கிண்டல் செய்யாதவர் இல்லை. ஆனால் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமை என்று எடுத்து வைத்துக் கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் நடத்திய ஊர்களில், பெயர் போடுவது என்பது வெறும் பகட்டு இல்லை. இந்தக் காரியம் தொடர்ந்து நடக்கும் என்று கொடுக்கிற வாக்கு அது.

அதனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் 45,000-த்தை இப்படிச் செலவழிப்பேன். அவர் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் அவர் பெயரில் ஒரு ரோலிங் டிராபி, பெண்கள் வாலிபாலுக்கு. டிராபிக்கு ஐந்தாறாயிரம் போதும், வெள்ளி வேண்டாம். மீதியைப் பள்ளியின் பெயரில் வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டு, வட்டியில் ஆண்டுதோறும் பந்தும் நெட்டும் வாங்குவதாக எழுதிக் கொடுங்கள். தலைமை ஆசிரியர் மாறினாலும் நிற்கும்படி பள்ளி நிர்வாகக் குழுவின் தீர்மானமாக வாங்கிக்கொள்ளுங்கள், வெறும் வாய்ப் பேச்சு வேண்டாம். முதல் போட்டியைச் சாந்திக்கு முந்தின சனி, ஞாயிறில் வைத்துவிடலாம். பழைய ஆட்டக்காரர்கள் எல்லாம் எப்படியும் சாந்திக்கு வருவார்கள், ஒரு நாள் முன்னால் வந்து கிரவுண்டில் நிற்கட்டும். அந்த மைதானத்துக்கே பெயர் வைக்க முடிந்தால் இன்னும் நல்லது, ஆனால் அதற்கு அனுமதி, கூட்டம் என்று ஒன்றிரண்டு ஆண்டு இழுக்கும்.

இதையெல்லாம் அவருக்குத் தெரியாமல் ஆச்சரியப்படுத்துவதாக நினைத்திருந்தால், டிராபியை மட்டும் அப்படிச் செய்யுங்கள். விருதுக்கு விண்ணப்பிப்பதை அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இந்தத் தலைமுறை பி.டி. மாஸ்டர்களில் சிலருக்கு விண்ணப்பம் போட்டு மரியாதை வாங்குவது பிடிக்காது. வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள், ஆனால் மினிட்ஸ் நோட்டை மட்டும் எப்படியாவது வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். சாந்திக்காக வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருப்பீர்களே, அவர்கள் வருவதற்கு முன்னால்.